நான் பிறந்தன்று பாடிய பாட்டு

போன செப்டம்பரில் எனக்கு 45 வயது நிறைந்தது. பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு சரி. எனக்கு என்றால் கொஞ்சம் சேமியா பாயசம், கோயிலில் ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான். அன்றும் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக் கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் செல்போனும் கையுமாக அடுக்களைக்குள் வந்தான்.

"அம்மா, நீ பொறந்த தேதியைச் சொல்லு. அன்னிக்கு உலகத்துலேயே நம்பர் ஒன் பாட்டு எதுன்னு பார்த்துச் சொல்றேன்."

இப்போது பிள்ளைகளுக்குள் இது ஒரு விளையாட்டாம். தேதியைத் தட்டினால் அன்றைக்கு எந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது என்று வந்து விடுகிறது. சொன்னேன். தட்டினான். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அம்மா! உன் பாட்டு என்ன தெரியுமா? 'அப்சைட் டவுன்'. தலைகீழ்! டயானா ராஸ்னு ஒரு அமெரிக்கப் பாடகி பாடினது."

1980 செப்டம்பரில் நாலு வாரம் அந்தப் பாட்டுதான் அங்கே முதலிடமாம். பில்போர்டு என்று அமெரிக்காவில் ஒரு பத்திரிகை. இசைத்தட்டு எத்தனை விற்றது, வானொலியில் எத்தனை தடவை ஒலித்தது என்றெல்லாம் கணக்கெடுத்து, வாராவாரம் 100 பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுவார்களாம். 1958 ஆகஸ்டிலிருந்து இந்தப் பட்டியல் வருகிறது என்றான். 'உலகம்' என்று இவன் சொன்னது அமெரிக்காவை! மாயவரத்தில் பிறந்தவளுக்கு அமெரிக்கக் கணக்கு எதற்கு என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இந்திப் பாட்டுக்காவது அப்படி ஒரு வரிசை இருந்தது. புதன்கிழமை இரவானால் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் குரலில் 'பினாகா கீத் மாலா'. 1952ல் தொடங்கிய நிகழ்ச்சி அது. எங்கள் தெருவில் வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு ரயில்வேக்காரர் அதைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பார் என்று அப்பா சொல்லுவார். நம் தமிழ்ப் பாட்டுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? டீக்கடையில் எது ஒலிக்கிறது, கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் எதைத் திரும்பத் திரும்பப் போடுகிறான், இலங்கை வானொலி நேயர் விருப்பத்துக்கு எந்தப் பாட்டைக் கேட்டு அஞ்சல் அட்டை குவிகிறது, இதுதான் நம் கணக்கு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையோரத்தில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் இவர்கள் குரலெல்லாம் சொந்தக்காரர் குரல் மாதிரி. காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தால்தான் பள்ளிக்கூடம் கிளம்பவே தோன்றும்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் சாதாரணமாக, "அப்ப அன்னிக்குத் தமிழ்ல என்ன பாட்டும்மா நம்பர் ஒன்?" என்றான்.

வாணலியில் முந்திரி கருகிவிட்டது.

எனக்கா தெரியாது? என்னைப் போல் தான் பிறந்தன்று ஒலித்த பாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர் இந்த ஊரிலேயே இருக்க மாட்டார். 'வாசமில்லா மலரிது.' ஒருதலை ராகம் படப் பாட்டு.

அந்தப் படம் 1980 மே மாதம் வந்தது. வெள்ளி விழாவையும் தாண்டி ஓடிய படம். எங்கள் ஊருக்கு அது தனி விசேஷம். கதை எழுதிப் பாட்டும் எழுதிய டி. ராஜேந்தர் மாயவரத்துக்காரர். படத்தில் வருகிற கல்லூரியும் எங்கள் ஊர்ப் பக்கத்து மன்னம்பந்தல் கல்லூரிதான். (மயிலாடுதுறை என்று பெயர் மாறியது 1982ல். எங்களுக்கு இன்றைக்கும் மாயவரம்தான்.) அந்த வருஷம் எங்கள் ஊரில் வேறு பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்றாம். முதலிடம் என்று பட்டியல் போட்டிருந்தால் அதுதான் வந்திருக்கும், சந்தேகமே வேண்டாம்.

நான் வீட்டில் மூன்றாவது பெண். மூத்தவர்கள் இரண்டும் அக்காக்கள். மூன்றாவதாவது ஆண் பிள்ளையாக இருக்கும் என்று என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாராம். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாண வீடு. ரேடியோ செட் கட்டியிருக்கிறான். அப்பாயி ஆஸ்பத்திரிப் படியில் நிற்கிறார். வார்டு ஆயா வந்து "பொண்ணுதாம்மா" என்று சொல்லவும், ரேடியோ செட்டில் அந்தப் பாட்டு எடுக்கவும் சரியாக இருந்ததாம்.

"உள்ளே இவ பொறக்குறா, வெளியே அது பாடுது. பாட்டே சொல்லிப்புடுச்சு, வாசமில்லாததுன்னு." இது அப்பாயியின் வசனம். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு எங்கே சுற்றினாலும், கடைசியில் இதில் வந்து நிற்கும். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் என்ன செய்வதாம்?

எனக்குப் பெயரே அதுவாகிப் போயிற்று. "வாசமில்லா, தண்ணி கொண்டா." "வாசமில்லா எங்கே போனா?" நியாயமாகச் சொல்ல வேண்டும், அப்பாயி கெட்டவர் இல்லை. எனக்கு அம்மை போட்டபோது ராத்திரி முழுக்க வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தபோது நான்தான் கஞ்சி ஊட்டினேன். அப்போதும், "வாசமில்லா, நீ நல்லாருப்ப" என்றுதான் சொன்னார். அவருக்கு அது திட்டே இல்லை. எனக்குத்தான்...

பத்தாவதில் கணக்கில் 38 மார்க் வாங்கியபோது, 'நமக்கு இவ்வளவுதான், பாட்டே சொல்லியிருக்கிறதே' என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்த முதல் இடம் தட்டிப் போனபோதும் அதே நினைப்பு. பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கிறேன் என்று வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. அப்பா கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அம்மா மட்டும் ஒரு காரியம் செய்வாள். பூக்காரி வந்தால் அக்காக்களுக்கு மல்லிகை, எனக்குக் கனகாம்பரம். சின்ன வயதில் ஒருநாள் அழுதேன், "எனக்கு மட்டும் ஏன் வாசனை இல்லாத பூ?" என்று. அம்மா ஜடையைப் பின்னிக்கொண்டே, "வாசனை இல்லேன்னு யாராவது வேண்டாங்குறாங்களா? வெலையைக் கேட்டுப் பாரு, மல்லியவிட ஜாஸ்தி" என்றாள். அன்று அது எனக்குச் சமாதானமாக இல்லை. பணம் மிச்சம் பிடிக்கத்தான் மல்லிகை வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, விலை ஜாஸ்தி என்பது புரியவே பல வருஷம் ஆயிற்று!

பாட்டுக்கும் ராசிக்கும் முடிச்சுப் போடுகிற வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. சினிமாக்காரர்களிடமே உண்டு. அதே படத்தில் டி.எம். சௌந்தரராஜன் ராசியில்லாதவன் என்று ஒரு பாட்டும், கதை முடிகிறது என்று இன்னொரு பாட்டும் பாடினார், அதற்குப் பிறகுதான் அவருக்கு வாய்ப்புக் குறைந்தது என்று ஒரு பேச்சு இன்றுவரை உண்டு. அப்பாயிக்கு இது கிடைத்தால் விடுவாரா? "பார்த்தியா, பாட்டுக்குப் பலன் இருக்கு!"

சரி, அப்படியானால் 'வாசமில்லா மலரிது' பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்ன ஆனார்? அதே 1980ல் சங்கராபரணம் வந்து, அதில் பாடியதற்குத்தான் அவருக்கு முதல் தேசிய விருது. அப்புறம் இன்னும் ஐந்து. நாற்பது வருஷம் அந்தக் குரல் இல்லாமல் நமக்கு ஒருநாள் பொழுது விடிந்ததா? இந்தக் கேள்வி எனக்கு இப்போது தோன்றுகிறது. வளர்கிற வயதில் தோன்றவில்லை. 2020 செப்டம்பர் 25ஆம் தேதி அவர் மறைந்த அன்று டி.வி.யில் எல்லாச் சானலிலும் அவர் பாட்டுதான். ஒன்று மாற்றி ஒன்றாகக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பாட்டு ஆரம்பித்தது. சட்டென்று ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டேன். இவர், "ஏன், நல்ல பாட்டாச்சே?" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் இவரிடம் அந்தக் கதையை நான் சொன்னதில்லை.

இதையெல்லாம் மகனிடம் எங்கே சொல்வது? "ஒருதலை ராகம் பாட்டுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு முந்திரி எடுத்து வறுத்தேன். அவன் விடுகிறவனா?

"சரி, நான் பொறந்தப்ப என்ன பாட்டு பாடிக்கிட்டிருந்துச்சு?"

"ஒண்ணும் பாடல."

"அதெப்படி? 2006ல ஆஸ்பத்திரில டி.வி. இல்லாமலா?"

இருந்தது. பிரசவ அறைக்கு வெளியே வரவேற்பறையில் நாள் பூராவும் பாட்டுச் சானல் ஓடிக்கொண்டிருந்தது. வலி எடுத்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்து, "அந்த டி.வி.யை நிறுத்தச் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். தலைவலியாக்கும் என்று நினைத்துப் போய் நிறுத்திவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ மறுபடி போட்டுவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் டாக்டரம்மாவே போய் அணைத்துவிட்டு வந்தார். என் பிள்ளை நிசப்தத்தில் பிறந்தான். 'அப்பாடா' என்று இருந்தது எனக்கு. பிள்ளை பிறந்ததற்கா, பாட்டு எதுவும் ஒலிக்காததற்கா? உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும்தான்.

அவன் குடைந்த குடைசலில் இதையும் சொன்னேன். ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த வயதில் பிள்ளை முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வது எனக்கே வெட்கமாக இருந்தது.

கூடத்துக் கட்டிலில் என் அம்மா படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அங்கேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் புள்ள முதல்ல என்னமோ தலைகீழுன்னுச்சே, அது சரிதான்."

"என்னம்மா?"

"நீ தலைகீழாத்தானே வந்தே. கால் முன்னால வந்துச்சு. அதனாலதானே ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது. அக்காளுங்க ரெண்டும் வீட்லயே பொறந்ததுங்கதானே."

கால் முன்னால் வந்த கதை எனக்குத் தெரியும். தெருவில் யாருக்கு இடுப்புச் சுளுக்கினாலும் என்னைக் கூப்பிட்டுக் காலால் மிதிக்கச் சொல்வார்கள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு மட்டும் நான் ராசிக்காரி! ஆனால் அன்று ராத்திரி என்ன நடந்தது என்று அம்மா வாயால் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நம் பிறப்பு நமக்கு நடந்த விஷயம் என்றே நினைக்கிறோம்.

அம்மா சொன்னாள். டாக்டரம்மாவை வீட்டிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்களாம். ஆயா ஒருத்தி தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். கால் வந்து, உடம்பு வந்து, தலை வரத் தாமதமாயிற்றாம். வந்த பிறகு நான் அழவில்லை. தட்டுகிறார்கள், காலைப் பிடித்துத் தூக்குகிறார்கள், துணியால் தேய்க்கிறார்கள். சத்தம் இல்லை.

"அப்ப ஒரு பாட்டும் பாடலடி. பாடியிருந்தாலும் என் காதுல ஏறியிருக்குமா? நீ கத்துவியா மாட்டியான்னு அதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்."

"அப்பாயி சொன்னாங்களே, நான் பொறக்கும்போது..."

"உங்க அப்பாயி எங்கே அங்கே இருந்தாங்க? அக்காளுங்களுக்குப் பழையது போட்டுட்டு ஒம்பது மணிக்கு வந்தாங்க. அப்ப அந்தக் கல்யாண வீட்டுக்காரன் அதைப் போட்டுக்கிட்டிருந்தான். நீ பொறந்தது விடியக்காலம். ரேடியோ செட்டே அஞ்சரைக்கு மேலதான் போட்டான். முதல்ல சீர்காழியோட பிள்ளையார் பாட்டு. உன்னைத் துடைச்சு என் பக்கத்துல போட்டு, நான் அப்பதான் கண்ணை மூடினேன். அது கேட்டுச்சு."

என் ஜாதகக் குறிப்பு பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. கல்யாணத்தின்போது எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்போம். பிறந்த நேரம் அதிகாலை 4 மணி 40 நிமிடம். என் கையெழுத்திலேயே நாலைந்து நகல் இருக்கும். விடியற்காலை 4.40க்கு எந்தக் கல்யாண வீட்டிலும் சோகப் பாட்டுப் போட மாட்டான் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னேனே, உங்க அப்பாயிகிட்டயே சொன்னேன். பெத்துப்போட்டு மயங்கிக் கெடந்தவளுக்கு நேரம் தெரியுமான்னாங்க. மூணாவதும் பொண்ணு. பாட்டு இல்லேன்னா பல்லி சொல்லிச்சும்பாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "உனக்கு அது இவ்வளவு உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீயும்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தே."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கால் முன்னால் வருவது பற்றி இளம் தாய்மார்களுக்காக இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டுக்கொண்டது. ஏழாம் மாதத் தொடக்கத்தில் நாலில் ஒரு குழந்தைபோல் தலை மேலாகத்தான் இருக்குமாம். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறைந்த பிறகும் திரும்பாமல் இருப்பது 100க்கு மூன்று, நான்கு குழந்தைகள்தான். இப்போது ஸ்கேனில் முன்பே தெரிந்துவிடுகிறது. 36, 37 வாரத்தில் டாக்டர்கள் வயிற்றின் மேல் கை வைத்தே மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதும் உண்டு. எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள். முடியாவிட்டால் அநேகமாக ஆபரேஷன்தான். வீட்டில் பாட்டிமார் வயிற்றைத் தடவித் திருப்புகிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். இப்படி இருந்த குழந்தைக்கு, முக்கியமாகப் பெண் குழந்தைக்கு, இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பிறந்ததும் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டுமாம். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தையானாலும் காட்ட வேண்டும். நான் சின்ன வயதில் தாங்கித் தாங்கி நடந்தேனா என்று அம்மாவைக் கேட்டேன். "நீயா? ஓடினே" என்றாள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இது மகன் தேடி எடுத்தது. நான் பிறந்த அதே 1980ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பத்துக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்களாம். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் அம்மா குரல் வருகிற விதமாகச் சப்பக் கற்றுக்கொண்டனவாம். வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் ஆயிற்றே. இதைப் படித்துக் காட்டிவிட்டு, "அப்ப உன் நம்பர் ஒன் பாட்டு அம்மாச்சி போட்ட கூச்சல்தான்" என்றான் படுவா. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவனை அடிக்கப் போனாள்.

அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மகனின் செல்போனை வாங்கி அந்தப் பாட்டைத் தேடிப் போட்டேன். அடுக்களையிலேயே உட்கார்ந்து, மெதுவாக வைத்துத்தான். பாதியில் நிறுத்தாமல் அதைக் கேட்டது என் ஆயுளில் அன்றுதான் முதல் தடவை. பாடுவது ஒரு வாலிபன். வாசமில்லாத பூ என்று அவன் சொல்வது எந்தப் பெண்ணையும் இல்லை, ஏங்கிக் கிடக்கிற தன் மனசைத்தான் என்று எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் அந்தப் பூ நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

எஸ்.பி.பி.யின் குரல் எவ்வளவு இளசாக இருக்கிறது அதில்.

கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். சத்தம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டதோ என்று அவசரமாக அணைக்கப் போனேன்.

"அணைக்காதே. கொஞ்சம் சத்தமா வை, கேக்கல."